எட்டு அங்குலம்

நாலு கம்பிதான். ஆறு இல்லை.
மீதி ரெண்டு எங்கே என்று
பட்டறையில் எல்லோரும் கேட்டாகிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்கு முத்து கோக்கிற வேலை எனக்கு.
காலை ஒன்பதிலிருந்து காதுக்குள் சில் சில் சில்.
வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தாலும் சில்.
அதனால்தான் என்று சொல்லமாட்டேன்.
ஆனால் ஏற்காட்டில் ஒரு கல்யாண வரவேற்பில்
பேஸ் வாசித்தவனின் பெட்டிக்கு அருகே நின்றபோது
காதை விட்டுவிட்டு
தொப்புளுக்கு மேலே கேட்டது ஒரு சத்தம்.
கையில் இருந்த பாயசத்தில்
வட்டம் வட்டமாய் அலை.

மூன்று மாதம் கழித்து
ஓமலூரில் ஒருவர் கழித்துவிட்ட பேஸ் கிடார்,
கழுத்தில் கீறலோடு, ஏழாயிரத்துக்கு.
ஆம்ப் இல்லாமல் வாசித்தால்
பக்கத்து அறையில் யாரோ
கொசுவலையைச் சொறிகிற மாதிரி இருக்கும்.

அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு கடை.
முதலில் பேசியவர் எடுத்து வைத்தது
பத்து வாட் கிடார் ஆம்ப்.
‘எல்லாத்துக்கும் இதுதான் சார்.’
ஆகத் தடித்த ஈ கம்பியைத் தட்டினேன்,
மேலே இருந்துகொண்டு கீழே ஒலிக்குமே அது.
ஈரத் துணி கிழிந்தது.
மெர்சில்டா கணக்கு நோட்டை மூடிவிட்டு வந்தாள்.
‘கோன் போயிடும். அதால அவ்வளவு கீழ எறங்க முடியாது.’
பிறகு கேட்டாள்,
எத்தனை வாட் வேணும் என்றில்லை,
எவ்வளவு வச்சிருக்கீங்க என்றில்லை:
‘எந்த ரூம்ல வாசிப்பீங்க?’

அம்மாப்பேட்டை. மாடி. பத்துக்குப் பத்து.
கீழே வீட்டுக்காரர்.
இடப்பக்கச் சுவருக்கு அப்பால் நாலு விசைத்தறி,
ராத்திரி எட்டுக்கு நிற்கும்.
‘எட்டுக்கு முன்னாடி உங்களுக்கே கேக்காது.
எட்டுக்கு அப்புறம் ஊருக்கே கேக்கும்.’

பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது.
விலைச்சீட்டைப் பார்த்தேன்.
பார்க்காத மாதிரி நகர்ந்தேன்.
ஆறரை அங்குலத்தில் ஈ வந்தது,
துபாயிலிருந்து பேசுகிற சித்தப்பா குரலில்.
எட்டு அங்குலத்தில் தட்டினேன்.
மேல் தட்டில் யாரும் தொடாத ஸ்நேர் டிரம்
தன் அடிவயிற்றுக் கம்பிகளை உதறிக்கொண்டது.
‘இதுதான்’ என்றேன்.
‘அது ட்ரம்மு’ என்றாள்.

இருபத்தைந்து வாட். ஹெட்ஃபோன் துளை உண்டு.
ஒன்பதாயிரத்து இருநூறு, சீட்டு எடுத்த பணம்.
எண்ணிக் கொடுத்த தாள்களில்
என் விரலின் பாலிஷ் கறுப்பு.

டவுன் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
‘கோழியா?’ என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
‘ஆம்ப்.’
‘கத்துமா?’

முதல் ராத்திரி
தறிகள் நின்றபின் குமிழை இரண்டில் வைத்தேன்.
எனக்குத் தெரிந்தது நாலு சுரம், அதில் ஒன்று தப்பு.
ஏ அடித்தால் தட்டு ஸ்டாண்டு பேசியது.
டி அடித்தால் ஜன்னல் கொக்கி.
பேசிய இடத்திலெல்லாம்
தினத்தாளை மடித்துச் செருகிக்கொண்டே போனேன்.
வாசித்த நேரத்தைவிட
வாயடைத்த நேரம் அதிகம்.
ஹெட்ஃபோன் துளை என்னையே பார்த்தது.
அதில் கேட்டால் காதுக்குத்தான் கேட்கும்.
வயிற்றுக்கு?

காலையில் படியேறி வந்தார் வீட்டுக்காரர் கந்தப்பன்.
‘பாட்டு எதுவும் கேக்கலப்பா.
ஆனா டம்ளர்ல போட்டு வச்ச என் பல்செட்டு
ராத்திரி பூரா சில் சில்னு.’

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக.

அன்று சாயங்காலம்
நாலு ரப்பர் செருப்பு தேடினேன்.
ரெண்டு என்னுடையது.
ரெண்டு மொட்டைமாடியில் யாரோ விட்டுப்போனது,
இரண்டுமே இடது கால்.
ஆம்பின் நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்தேன்.
எங்கேயோ கிளம்பப்போகிற மாதிரி நின்றது பெட்டி.

எட்டு மணி. தறி ஓய்ந்தது.
ஈ.
கீழே காது கொடுத்தேன்.
கந்தப்பன் இருமினார், அவ்வளவுதான்.
வெறுங்காலோடு நின்று
இன்னொரு தடவை தட்டினேன்.